பக்கத்து வீட்டு அடுப்பில் ஒரு பாடம்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற்போன தாய்மாரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இங்கு பிரசுரிக்கப்படுகிறது.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கணும், விறகு கொண்டு வரணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். இத்தனை வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கே வருகிறோம்.

போன மாதம் நிறை பார்த்த அன்று ஒரு தாய் பிள்ளையின் அட்டையை மடித்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். "ஏம்மா மறைக்கிறீங்க?" என்று கேட்டோம். "பச்சைக்குள்ள வரவே மாட்டேங்குதுங்க ஐயா. மூணு மாசமா அதே எடத்துலதான் நிக்குது. எல்லாரும் பாக்குறாங்க, வெக்கமா இருக்கு" என்றார்.

நாங்கள் வழக்கமாகச் சொல்வதையே அவருக்கும் சொன்னோம். பால் கொடுங்கள், முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள், பழம் கொடுங்கள். அவரும் வழக்கம்போலத் தலையாட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பும்போது எங்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது. அந்தத் தாயின் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்குப் பேர் விழுகிறது என்பது எங்களுக்குத் தெரியாததா? பால்மா பக்கெட் என்ன விலை என்று தெரியாததா? தெரிந்துகொண்டே பல வருடமாக ஒரே பேச்சைப் பேசி வந்திருக்கிறோம். பேச்சில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பேச்சால் எத்தனை பிள்ளைகள் பச்சைக்குள் வந்தார்கள் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

அப்போதுதான் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட வியட்நாம் தாய்மாரின் கதை ஞாபகத்துக்கு வந்தது. அதை இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம். வெறும் கதையாகக் கேட்க வேண்டாம். முடிவில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம்.

ஆறு மாதத் தவணை

வியட்நாம் நம்மைப் போலச் சோறு தின்னும் நாடு. வயலும் ஆறும் நிறைந்த நாடு. நீண்ட யுத்தம் 1975இல் முடிந்தது. ஆனால் யுத்தம் முடிந்ததும் வறுமை முடிந்துவிடவில்லை. 1990ஆம் ஆண்டளவில் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு மந்தபோஷணம். அதாவது, மூன்று பிள்ளையை வரிசையில் நிறுத்தினால் இரண்டு பிள்ளை மெலிந்தோ குட்டையாகவோ இருக்கும்.

வெளியிலிருந்து உதவி வராமல் இல்லை. உணவு கொடுக்கும் திட்டங்கள் வந்தன. கொடுக்கும் வரைக்கும் பிள்ளைகள் தேறினார்கள். திட்டம் முடிந்து லொறி வராமல் நின்றதும் பிள்ளைகள் பழையபடி மெலிந்தார்கள். இது நமக்கும் புதிய விஷயம் அல்ல.

1990 டிசம்பரில் 'சேவ் த சில்ட்ரன்' என்னும் தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஜெரி ஸ்டேர்னின் என்ற அமெரிக்கரும் அவருடைய மனைவி மொனிக் என்பவரும் அங்கே போனார்கள். அமெரிக்கா வியட்நாமுடன் வியாபாரம் செய்யாமல் தடை போட்டிருந்த காலம் அது. அந்தத் தடை 1994இல்தான் நீங்கியது. ஆகவே அமெரிக்கர் என்றால் அங்கே சந்தேகத்தோடு பார்த்தார்கள். அரசாங்கம் அவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தது. ஆறு மாதத்தில் ஏதாவது செய்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்.

ஆறு மாதத்தில் என்ன செய்ய முடியும்? வறுமையை ஒழிக்க முடியுமா? எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் கொடுக்க முடியுமா? கக்கூஸ் கட்ட முடியுமா? மந்தபோஷணத்துக்கு இவையெல்லாம் காரணம் என்று பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் இன்று பசியோடு இருக்கும் பிள்ளைக்கு அந்த உண்மை பயன்படாது என்று ஸ்டேர்னின் சொல்வார்.

ஆகவே அவர் வேறு ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்.

எடை பார்த்த பெண்களிடம் கேட்ட கேள்வி

தலைநகர் ஹனோய்க்குத் தெற்கே தன் ஹோவா என்று ஒரு மாகாணம். அதில் குவாங் சூவோங் மாவட்டத்தில் நாலு கிராமங்களைத் தெரிவு செய்தார்கள். அந்தக் கிராமத்து மகளிர் சங்கப் பெண்களே தராசைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வயதுக்குட்பட்ட சுமார் 2,000 பிள்ளைகளை நிறுத்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் நிறுக்கவில்லை, ஊர்ப் பெண்களே நிறுத்தார்கள். இதைக் கவனியுங்கள். பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு மந்தபோஷணம் என்று தெரிந்தது. எந்த வீடு மிகவும் ஏழை வீடு என்பதையும் ஊராரே எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அந்தப் பெண்களிடம் ஸ்டேர்னின் கேட்டார்: "மிகவும் ஏழை வீட்டில் பிறந்தும் நல்ல நிறையோடு இருக்கும் பிள்ளை ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருக்கிறதா?"

பெண்கள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்கள். "கோ, கோ" என்றார்கள். அவர்கள் பாஷையில் "இருக்கு, இருக்கு" என்று அர்த்தம்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. அதே வயல், அதே கூலி, அதே மாதிரிக் குடிசை. ஆனாலும் ஒரு பிள்ளை தேறி இருக்கிறது என்றால், அந்த வீட்டில் யாரோ ஏதோ ஒன்றை வேறு மாதிரிச் செய்கிறார்கள். அந்தத் தாய்க்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுத் தாய்க்கு ஏன் தெரியக்கூடாது?

அந்த வீடுகளில் என்ன இருந்தது?

ஊர்ப் பெண்கள் அந்த வீடுகளுக்குப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். என்ன சமைக்கிறார்கள், யார் ஊட்டுகிறார்கள், எத்தனை தரம் ஊட்டுகிறார்கள் என்று கவனித்தார்கள். முக்கியமாக நாலு விஷயம் கண்ணில் பட்டது.

முதலாவது, அந்த வீட்டுத் தாயோ தகப்பனோ வயலுக்குப் போய்த் திரும்பும்போது தண்ணீரில் கிடக்கும் பொடி றாலையும் பொடி நண்டையும் ஒரு கை அள்ளிக்கொண்டு வருவார்கள். வத்தாளங் கொடியின் இளம் இலையையும் கிள்ளி வருவார்கள். இரண்டையும் பிள்ளையின் சோற்றில் போட்டு ஆக்குவார்கள். காசு கொடுத்து வாங்கியது ஒன்றும் இல்லை. எல்லா வயலிலும் கிடைப்பதுதான். ஆனால் இவை சின்னப் பிள்ளைக்கு ஆகாது, வயிற்றுக்குக் கெடுதல் என்று மற்ற வீட்டார் நம்பியிருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் கிடந்த நல்ல உணவைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள்.

இரண்டாவது, எத்தனை தரம் ஊட்டுவது என்பது. மற்ற வீடுகளில் தாய் தகப்பன் விடியற்காலையில் வயலுக்குப் போகுமுன் ஒருதரம், பொழுது சாய வந்து ஒருதரம், ஆக இரண்டு தரம்தான் பிள்ளைக்குச் சோறு. பிள்ளை தேறியிருந்த வீடுகளில் நாலைந்து தரம். தாய் வயலில் இருந்தாலும், பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ பக்கத்து வீட்டாரிடமோ "இன்ன நேரத்துக்கு இவ்வளவு ஊட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது, பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தாலும் சாப்பாட்டை நிறுத்தமாட்டார்கள்.

நாலாவது, பிள்ளையின் கை அழுக்கானால் உடனே கழுவிவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு எவ்வளவு பெரியது? நாம் தேத்தண்ணி குடிக்கிற கோப்பை அளவுதான். அந்த வயிற்றுக்குள் இரண்டு தரத்தில் ஒரு நாள் சாப்பாட்டை அடைக்க முடியாது. பிள்ளை நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "சாப்பிட மாட்டேங்குது" என்று மீதியைப் பெரியவர்கள் தின்றுவிடுவார்கள். அதே சோற்றை நாலைந்தாகப் பிரித்து ஊட்டினால் உள்ளே போவது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு சதம் கூடச் செலவில்லை.

சொல்லவில்லை, செய்யவைத்தார்கள்

விஷயம் தெரிந்துவிட்டது. இனி ஊரைக் கூட்டி, ஒலிபெருக்கி கட்டி, "றால் போடுங்க, நாலு தரம் ஊட்டுங்க" என்று பிரசங்கம் செய்திருக்கலாம். நாங்கள் என்றால் அப்படித்தான் செய்திருப்போம். அவர்கள் செய்யவில்லை.

மெலிந்த பிள்ளைகளின் தாய்மாரை அயலிலுள்ள ஒரு வீட்டில் தினமும் கூட்டினார்கள். இரண்டு வாரம் தொடர்ந்து நடந்தது. உள்ளே வருவதற்கு ஒரு கட்டணம் உண்டு. காசு அல்ல. ஒரு கை பொடி றாலோ நண்டோ கீரையோ கொண்டு வர வேண்டும். ஆகவே வரும் வழியில் ஒவ்வொரு தாயும் வயலில் இறங்கித் தேட வேண்டியிருந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து ஆக்கி, தங்கள் கையாலேயே தங்கள் பிள்ளைக்கு ஊட்டினார்கள். "ஆகாது" என்று பயந்த தாய், தன் பிள்ளை அதைத் தின்று ஒன்றும் ஆகாமல் விளையாடுவதைக் கண்ணால் கண்டாள். இரண்டு வாரத்தில் பிள்ளையின் முகம் தெளிந்ததைக் கண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் பிரசங்கம் செய்யத் தேவை இருக்கவில்லை. வயலில் குனிந்து அள்ளுவது கைக்குப் பழகிவிட்டது.

தேறாத பிள்ளைகள் இருந்தால் அடுத்த மாதமும் வந்தார்கள். ஆறு மாதம் முடிந்தபோது, சேர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் முழுதாகத் தேறியிருந்தார்கள். அரசாங்கம் தவணையை நீடித்தது. பிறகு மற்ற ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து தங்கிப் பார்த்துப் படித்துப் போனார்கள். அவர்களிடம் "எங்கள் றாலைக் கொண்டு போங்கள்" என்று சொல்லவில்லை. "உங்கள் ஊரில் தேறிய ஏழைப் பிள்ளையைத் தேடுங்கள், பதில் அந்த வீட்டில் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். இப்படியே 250க்கு மேற்பட்ட ஊர்களுக்கும் 22 இலட்சம் மக்களுக்கும் அந்த வழி பரவியது.

இன்னொன்று. திட்டம் முடிந்து சில வருடத்துக்குப் பின் ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2002இல் அந்த ஆய்வு வெளியானது. திட்டம் நடந்தபோது பிறந்தே இராத தம்பி தங்கைகளும் நல்ல நிலையில் இருந்தார்கள். அப்போது அங்கே லொறியும் இல்லை, உத்தியோகத்தரும் இல்லை. தாய்மாரின் கைப்பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஜெரி ஸ்டேர்னின் 2008இல் காலமானார். அவர் காட்டிய வழியைப் பல நாடுகளில் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

நம் மேல்லயத்தில் பார்த்தது

இனி நம் கதைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 32 பேர். அதற்குப் பிறகு 2022இல் அரிசி, மா, பருப்பு, பால்மா எல்லாம் ஏறிய ஏற்றம் உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. எத்தனை வீட்டில் இரவுச் சாப்பாடு ரொட்டியும் சம்பலுமாகவே இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நூற்றுக்கு 32 பிள்ளைகள் குட்டை என்றால், மீதி 68 பிள்ளைகள் அப்படி இல்லை என்றும் அர்த்தம். அவர்களும் நம் லயத்துப் பிள்ளைகள்தான். ஆகவே வியட்நாம் பெண்கள் கேட்ட கேள்வியை நாங்களும் கேட்டோம். குடும்ப நல மருத்துவமாதுவுடனும் பிள்ளைமடுவத்துச் சகோதரியுடனும் உட்கார்ந்து மேல்லயத்துப் பிள்ளைகளின் அட்டைகளைப் பார்த்தோம். ஒரே ஆள் உழைப்பில் நிற்கும் வீடுகளில் பச்சைக்குள் இருந்த பிள்ளைகள் மூன்று பேர். அந்த மூன்று வீட்டுத் தாய்மாரிடமும் அனுமதி கேட்டுப் போய் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் வீட்டில் தாய் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு சின்ன டப்பாவில் குழைந்த சோறும் பருப்பும் போட்டு மடுவத்துக்குக் கொடுத்தனுப்புகிறார். "பத்து மணிக்குப் பாதி, ரெண்டரைக்கு மீதி" என்று சொல்லியே கொடுக்கிறார். நிறுவைக்கு வரும் நேரத்தில் ஓடிவந்து தாய்ப்பால் கொடுக்கிறார். வீட்டில் இரண்டு தரம், மடுவத்தில் கொடுப்பதோடு சேர்த்தால் நாலைந்து தரம் ஆகிவிடுகிறது.

இரண்டாம் வீட்டில் ஒரு பழைய ஜாம் போத்தல் இருந்தது. அதற்குள் தூள். நெத்தலிக் கருவாட்டை நன்றாகக் கழுவி, உப்பைப் போக்கி, காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்து, தலையோடு முள்ளோடு நைஸாக இடித்துச் சலித்து வைத்திருக்கிறார். பிள்ளையின் சோற்றில் ஒரு தேக்கரண்டி. "பெரியவங்களுக்குக் குழம்பு வைக்கிற நெத்தலியில ஒரு பிடி எடுத்து வச்சேன், அவ்வளவுதாங்க" என்றார். மாமிசச் சத்துக்கு அதுவே போதிய துணை. முள்ளில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் வீணாகவில்லை.

மூன்றாம் வீட்டில் லயத்துக்குப் பின்னால் பாய் விரிக்கிற அளவு நிலம். அதில் வத்தாளங் கொடி, பூசணிக் கொடி, வேலியில் சவ்சவ். பிள்ளைக்கு ஊட்டுகிற அப்பாயி, கொழுந்து கிள்ளுகிற மாதிரி நுனி இலையைக் கிள்ளி, பொடியாக அரிந்து, பருப்போடு வேகவைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மசித்து ஊட்டுகிறார். "சின்னப் புள்ளைக்குக் கீரை குளிர்ச்சியாச்சே, சளி புடிக்காதா?" என்று கேட்டோம். "எங்க வீட்டுல ஏழு புள்ளைங்க இதத் தின்னுதான் வளந்துச்சு. குளுருல புடிக்கிற சளி கீரை தின்னாலும் புடிக்கும், திங்காட்டியும் புடிக்கும்" என்றார்.

வியட்நாமில் றால் ஆகாது என்றார்கள். இங்கே கீரை ஆகாது என்கிறோம். நாடு வேறானாலும் பயம் ஒன்றுதான்.

மூன்று வீட்டிலும் ஒரு பொது விஷயம் பார்த்தோம். பிள்ளை அழுதால் சாயத்தண்ணி கொடுத்து அமர்த்துவதில்லை. தேயிலை நமக்குச் சோறு போடுகிறது, சரிதான். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் சாயம், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். பிள்ளைக்குச் சாயத்தண்ணியே வேண்டாம். பெரியவர்களும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முக்கியமாக, கிளினிக்கில் இரும்புக் குளிசை வாங்கும் கர்ப்பிணித் தாய்மார் அதைச் சாயத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தண்ணீரோடு குடியுங்கள், தேசிக்காய்த் தண்ணி இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு தாய் கேட்ட கேள்வி

இதை நாங்கள் போன வாரம் கீழ்லயத்தில் சொன்னபோது ஒரு தாய் எழுந்து நின்று கேட்டார். "ஐயா, சம்பளத்தைக் கூட்டச் சொல்லி நாங்க கேக்குறோம். நீங்க கீரை திங்கச் சொல்றீங்க. இது நாயமா?"

கூட்டம் சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

நேராகவே பதில் சொல்கிறோம். சம்பளம், நல்ல வீடு, காணி, குழாய்த் தண்ணீர் இவையெல்லாம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை. கீரையைக் காட்டி அதை மறைக்க நாங்கள் வரவில்லை. அரை வயிறு சாப்பிடும் குடும்பத்துக்குப் போஷாக்கு வகுப்பு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அம்மா, பிள்ளையின் மூளையும் உடம்பும் விரைந்து வளருவது வயிற்றில் இருக்கும் காலமும் பிறந்து முதல் இரண்டு வருடமும்தான். சம்பளப் பேச்சுவார்த்தை எப்போது முடியும் என்று நமக்குத் தெரியாது. பிள்ளைக்கு எப்போது இரண்டு வயது முடியும் என்று தெரியும். அது யாருக்காகவும் நின்று காத்திருக்காது. ஆகவே கேட்பதைக் கேட்டுக்கொண்டே, கையில் இருப்பதையும் செய்வோம்.

அவர் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து போகும்போது, "நெத்தலியை எத்தன தரம் கழுவணுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கவனிக்க வேண்டியவை

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீரும் வேண்டாம். நாம் மேலே சொன்ன சாப்பாடெல்லாம் ஆறு மாதம் நிறைந்த பிறகுதான். அதன் பிறகும் இரண்டு வயது வரை, அதற்கு மேலும், தாய்ப்பால் தொடரட்டும்.

கீரையை லயத்துக்குப் பக்கத்தில் நட்டுக் கிள்ளுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த மலையில் முளைத்த கீரையை எந்தக் காரணத்துக்கும் கொண்டு வராதீர்கள். கொழுந்து எடுத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள்.

வயிற்றோட்டம் வந்தால் தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஜீவனி கரைத்துக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து கண் குழி விழுந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், குடிக்க மறுத்தால் உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கால் வீங்கிய பிள்ளையையும், மிகவும் மெலிந்து போன பிள்ளையையும் வீட்டுச் சாப்பாட்டால் மட்டும் தேற்ற முடியாது. அதுவும் வைத்தியசாலைக் காரியம்.

கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா யாருடைய பேரில் கொடுத்தார்களோ அவர்களுக்குத்தான். உருண்டை பிடித்து வீடு முழுக்கத் தின்றால் மெலிந்த பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டு உருண்டைதான்.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்பது நம் பெண்களின் வழக்கம். கர்ப்பிணியாக இருக்கும்போதாவது அந்த வழக்கத்தை விடுங்கள். தாய் மெலிந்தால் பிள்ளை நிறை குறைந்தே பிறக்கும். பிறகு அந்தக் குறையைப் பிடிப்பது பெரும்பாடு.

தகப்பன்மாரே, வியட்நாமில் வயலில் குனிந்து றால் அள்ளியவர்களில் தகப்பன்மாரும் இருந்தார்கள். பின்னேரம் ஒரு பிடி கீரை கிள்ளி வருவதாலோ, பிள்ளையை மடியில் வைத்து நாலு வாய் ஊட்டுவதாலோ ஆண்பிள்ளையின் மரியாதை குறைந்துவிடாது.

உங்களுக்கு வைத்திருக்கும் வேலை

வருகிற திங்கட்கிழமை தொடக்கம் பன்னிரண்டு நாள், வேலை விட்டு வந்ததும், பிள்ளைமடுவத்து வராந்தாவில் அடுப்பு மூட்டப்படும். சட்டியும் விறகும் அரிசியும் எங்கள் பொறுப்பு. பச்சைக்குள் வராத பிள்ளைகளின் தாய்மார் பிள்ளையோடு வாருங்கள். வேலைக்குப் போகும் தாய்க்குப் பதிலாக அப்பாயி, அம்மாயி வந்தாலும் சரி. பகலில் ஊட்டுகிறவர் அவர்தானே.

உள்ளே வரக் கட்டணம் உண்டு. ஒரு பிடி கீரை, அல்லது ஒரு கை பருப்போ பயறோ, அல்லது நாலு நெத்தலி. வெறுங்கையோடு வரவேண்டாம். கொண்டு வரப் பழகினால்தான் பதின்மூன்றாம் நாளும் அது கைக்கு வரும்.

சமைத்துக் காட்டப் போவது நாங்கள் அல்ல. நாங்கள் சொன்ன அந்த மூன்று வீட்டாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யார் என்று இப்போது பேர் சொல்லவில்லை. வந்து பாருங்கள், உங்கள் வரிசையில் நாலு காம்பரா தள்ளி இருப்பவர்தான். இத்தனை நாளும் குழாயடியில் பக்கத்தில் நின்று தண்ணி பிடித்தவர்தான்.

முதல் நாளும் பன்னிரண்டாம் நாளும் பிள்ளைகளை நிறுப்போம். அட்டையை மடித்து மறைக்கத் தேவையில்லை. நிறை ஏறாத பிள்ளை தாயின் குற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல வருடம் பேசிக்கொண்டே இருந்த எங்கள் பங்கும் அதில் இருக்கிறது.

சேலைத் தலைப்புக்குள் அட்டையை மறைத்த தாய் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவருக்கு எங்கள் வணக்கம். அவர் அன்று அதை மறைத்திராவிட்டால் நாங்கள் இன்னும் பால், முட்டை, பழம் என்றே பேசிக்கொண்டிருந்திருப்போம்.

திங்கட்கிழமை மடுவத்தில் சந்திப்போம். ஒரு பிடி கீரையை மறந்துவிடாதீர்கள்.